'அனபெல்' பொம்மையின் "உண்மைச் சம்பவம்" எதுவரை உண்மை?

கீழக்கரை ஆசிரியை எழுதியது:

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அரையாண்டு விடுமுறையில் அவர்களில் பலர் 'அனபெல்' வரிசைப் படங்களைத் தமிழ்க் குரலில் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பயந்ததில் எனக்குக் கவலை இல்லை. பேய்ப்படம் பார்த்தும் பயம் வராவிட்டால் எடுத்தவர்கள்தான் வருத்தப்பட வேண்டும். "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்ற வரிதான் அவர்களை விட்டு அகல மறுக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தங்கையின் பொம்மையைப் பழைய துப்பட்டாவில் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியையும் ஒளித்துவிட்டாள். சின்னவள் இரவெல்லாம் அழுததாக அவர்களுடைய உம்மா என்னிடம் வந்து சொன்னார்.

யூடியூபில் தேடினால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சற்று உப்புக் காரம் கூட்டிச் சொல்வதாகவே இருக்கிறது. அவர்களில் ஒருவர், அதே போன்ற பொம்மை ஒன்று தனுஷ்கோடி மணலில் புதைந்து கிடப்பதாகவும், அதை எடுத்தவர்கள் யாரும் ஊர் திரும்பவில்லை என்றும் பின்னணி இசையோடு கதைக்கிறார். ஆகவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். அந்தப் பொம்மை உண்மையில் இருக்கிறதா? அதைப் பற்றிய கதையை முதலில் சொன்னவர் யார்? சொன்னவரைத் தவிர வேறு யாராவது அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? பிள்ளைகளிடம் "எல்லாம் பொய்" என்று மொட்டையாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நடந்ததை வரிசைப்படி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மண்டபம் வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பொம்மை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் திரையில் பார்த்தது அதை அல்ல. வெளுத்த முகமும் விரிந்த கண்களும் கன்னத்தில் விரிசலும் கொண்ட அந்த உருவம் படத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது. அசல் பொம்மையோ சிவப்புக் கம்பளி நூலால் ஆன தலைமுடியும் முக்கோண மூக்கும் தைத்த புன்சிரிப்பும் உடைய துணிப்பொம்மை. ராகெடி ஆன் என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளில் தாராளமாக விற்ற வகை அது. ஜானி குரூயல் என்ற ஓவியர் 1915இல் அதன் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்று, 1918இல் அதை நாயகியாக வைத்துச் சிறுவர் கதைப் புத்தகமும் வெளியிட்டார். பிள்ளைகளிடம் முதலில் அந்தத் துணிப்பொம்மையின் படத்தைக் காட்டுங்கள். பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

கதையைச் சொன்னவர்கள் எட் வாரன், லொரெய்ன் வாரன் என்ற தம்பதியர். ஆவிகளை ஆராய்பவர்கள் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, சொற்பொழிவுகளும் புத்தகங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுமாக வாழ்ந்தவர்கள். அவர்கள் சொல்லும் வரலாற்றின்படி, 1970இல் நர்சிங் மாணவி ஒருவருக்கு அவருடைய தாயார் இந்தப் பொம்மையைக் கடையில் வாங்கிப் பரிசளித்தார். கட்டிலில் வைத்துவிட்டுப் போன பொம்மை திரும்பி வரும்போது வேறு அறையில் கிடந்தது. உதவி கேட்டு எழுதிய துண்டுச் சீட்டுகள் வீட்டில் கிடைத்தன. ஆவியுடன் பேசுகிறேன் என்று வந்த ஒருவர், அனபெல் ஹிக்கின்ஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் ஆவி அதில் குடியிருப்பதாகச் சொன்னார். பொம்மையை வெறுத்த நண்பர் ஒருவருக்கு நெஞ்சில் கீறல்கள் விழுந்தன. பிறகு பாதிரியார் ஒருவர் வழியாகச் செய்தி வாரன் தம்பதியரை எட்ட, அவர்கள் வந்து, அது சிறுமியின் ஆவியே அல்ல, சிறுமியாக நடிக்கும் தீய சக்தி என்று தீர்ப்புச் சொல்லிப் பொம்மையைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் மன்றோ என்ற ஊரில், தம் வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்திய அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, திறக்கக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகையும் மாட்டினார்கள். எட் வாரன் 2006இலும், லொரெய்ன் வாரன் 2019 ஏப்ரலிலும் இறந்தார்கள். குடியிருப்புப் பகுதியில் அப்படி ஒரு காட்சிக்கூடம் நடத்த உள்ளூர் விதிகள் இடம் தராததால் அது பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு கண்ணியும் அந்தத் தம்பதியரின் வாயில் போய்த்தான் முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய கதைகளைத் தொகுத்து 1980இல் வெளிவந்த புத்தகமும் அவர்கள் சொல்லக் கேட்டு இன்னொருவர் எழுதியதுதான். தாங்களே பொம்மையைக் கைப்பற்றியவர்கள், தாங்களே அதன் குணத்தை நிர்ணயித்தவர்கள், தாங்களே அதைக் காட்சிக்கு வைத்தவர்கள் என்றால், வழக்காடியவரும் சாட்சியும் நீதிபதியும் ஒருவரே ஆகிவிடுகிறார். வெளியார் சோதித்தார்களா என்று கேட்டீர்கள். ஸ்டீவன் நவெல்லா என்ற நரம்பியல் மருத்துவரும் பெரி டியாஞ்சலிஸும் சார்ந்திருந்த நியூ இங்கிலாந்து ஸ்கெப்டிகல் சொசைட்டி என்ற, இத்தகைய கதைகளுக்கு ஆதாரம் கேட்டுச் சோதிக்கும் அமைப்பு 1990களில் வாரன் தம்பதியரை நேரில் சந்தித்து, அவர்கள் ஆதாரம் என்று காட்டிய படங்களையும் ஒலி, ஒளிப்பதிவுகளையும் பார்த்தது. சாதாரணப் புகைப்படக் கோளாறுகளைத் தாண்டி அவற்றில் எதுவும் இல்லை என்பதே அவர்களுடைய முடிவு.

சினிமா இதற்கு மேல் கட்டிய மாடி. ஜேம்ஸ் வான் இயக்கி 2013இல் வந்த 'தி கான்ஜூரிங்' படத்தின் தொடக்கக் காட்சியில் வரும் நர்சிங் பெண்களின் பகுதி மட்டும் ஓரளவு வாரன் சொன்ன கதையை ஒட்டியது. 2014இல் வந்த 'அனபெல்' படத்தில் கர்ப்பிணிப் பெண்ணும், பக்கத்து வீட்டுக் கொலையும், சாத்தான் வழிபாட்டுக் கூட்டமும் வருகின்றனவே, அவற்றில் எதுவும் வாரன் கதையில்கூடக் கிடையாது. 2017இல் வந்த படத்தின் பொம்மைத் தச்சரும் அவருடைய இறந்த மகளும் முழுக்கக் கற்பனை. சுமார் 65 லட்சம் டாலர் செலவில் எடுத்த 2014ஆம் ஆண்டுப் படம் உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். "உண்மைச் சம்பவம்" என்ற ஒட்டுச்சீட்டைத் தயாரிப்பாளர்கள் ஏன் கிழிப்பதில்லை என்பது எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே விளங்கிவிடும்.

சாயல்குடி வாசகர் எழுதியது:

மண்டபம் நண்பர் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் ஒரு மறுப்பு. நிரூபிக்கப்படவில்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. எங்கள் பக்கத்தில் உருவம் என்பதை யாரும் வெறும் மண்ணாகவும் மரமாகவும் பார்ப்பதில்லை. அய்யனாருக்கு மண்குதிரையான புரவி செய்யும் வேளார் கடைசியில்தான் அதற்குக் கண் திறக்கிறார். அதற்கு முன்பு அது சுட்ட மண், அதற்குப் பின்பு அதன் முன்னால் செருப்போடு நிற்க யாருக்கும் மனம் வராது. புது வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை கட்டாத கொத்தனாரை நான் பார்த்ததில்லை. உருவத்தில் ஏதோ ஒன்று வந்து தங்கலாம் என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கும்போது, அமெரிக்கப் பெண்கள் கண்டதாகச் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளுவது நியாயமா? தாங்கள் பார்த்ததை அவர்கள் நம்பியிருக்கக் கூடாதா?

மண்டபம் வாசகர் எழுதியது:

நம்பியிருக்கலாம், ஐயா. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புரவிக்குக் கண் திறப்பது ஊர் கூடி, நாள் குறித்து, தெரிந்தே செய்யும் காரியம். அதைச் "சம்பவம்" என்று யாரும் டிக்கெட் போட்டு விற்பதில்லை. அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எழுதவும் இல்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே வாரன் தம்பதியர் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது என்பதுதான் என் வாதம்.

ஏர்வாடி அருகில் பணிபுரியும் செவிலியர் எழுதியது:

பொம்மையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சில் கீறல் விழுந்ததாகச் சொல்லப்படும் அந்த நண்பரைப் பற்றிச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். வாரன் கதையில் கீறலுக்கு முன்பாக இன்னொன்று வருகிறது. அவர் தூக்கத்திலிருந்து விழிக்கிறார், உடம்பை அசைக்க முடியவில்லை, பொம்மை காலிலிருந்து மெல்ல ஏறி வந்து கழுத்தை நெரிப்பதாக உணர்கிறார். இதைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் "அமுக்குவான்" என்று சொல்லிவிடுவார்கள். கனவு வரும் தூக்கத்தில் நம் தசைகள் தளர்ந்து செயலற்று இருக்கும். அது நாம் எழுந்து நடந்து விழுந்துவிடாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. சில வேளை அறிவு முதலில் விழித்துக்கொள்ளும், உடம்பு சற்றுப் பிந்தும். அந்த இடைவெளியில் மார்பில் பாரம் ஏறியதாகவும், அறையில் வேறு யாரோ நிற்பதாகவும் தோன்றும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அடிக்கடி வரும். இரவுப் பணி பார்க்கும் என் சக செவிலியர்களில் இதை அறியாதவர்கள் குறைவு. அன்றைக்கு எந்தப் பயம் மனத்தில் இருக்கிறதோ அதன் முகத்தைத்தான் அமுக்குவான் போட்டுக்கொண்டு வருவான். வீட்டில் எல்லோரும் பொம்மையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பொம்மைதான் வரும்.

சாயல்குடி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கையை இழிவாகப் பேச நான் வரவில்லை. மனநோய் தீர வேண்டும் என்று ஏர்வாடி தர்காவுக்கு வரும் சனங்களோடுதான் என் வேலை நாள் போகிறது. ஆனால் "இவருக்குள் வேறொன்று புகுந்திருக்கிறது" என்ற தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் ஊர் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. இப்போது துவாவும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும் என்று தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவம் கிடைக்கிறது. ஒரு சினிமா பொம்மைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். டீச்சரின் மாணவிக்குத் தூக்கம் வராமல் போய், பள்ளிக்குப் போகவும் மறுத்தால், அந்த வீட்டார் முதலில் யாரிடம் கூட்டிப்போவார்கள் என்பதில்தான் தொடர்பு இருக்கிறது. அப்படி நேர்ந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வரச் சொல்லுங்கள். பயந்த பிள்ளைகளை அங்கே பொறுமையாகப் பார்க்கிறார்கள்.

பாம்பன்காரர் எழுதியது:

தனுஷ்கோடி மணலில் புதைந்த பொம்மை என்ற கதைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் அம்மாச்சியின் ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயலோடு கடல் ஏறி வந்து ஊரை வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது, அதில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகு, இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும் மட்டும் மிஞ்சின. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான சாலை 2017இல் திறக்கப்பட்டதும், கேமராவோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தேவாலயத்தின் பவளக்கல் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு "பேய் நகரம்" என்று கிசுகிசுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் உறவுக்காரப் பெண் மீன் வறுத்துக்கொண்டிருப்பது படத்தில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மாலையானால் போலீஸ்காரர்கள் பயணிகளைத் திருப்பி அனுப்புவதைக்கூட ஆவிக்குப் பயந்து என்று ஒருவர் பேசியிருந்தார். இருட்டில் அங்கே வெளிச்சம் கிடையாது, கடலில் இழுப்பு அதிகம், அவ்வளவுதான் காரணம்.

அங்கே பொம்மை கிடந்ததாக எங்கள் ஆட்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியே ஒன்று கிடந்திருந்தால், அது அன்று இரவு செத்துப்போன ஏதோ ஒரு பிள்ளையின் விளையாட்டுச் சாமானாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பிள்ளையின் சாவை எடுத்து அமெரிக்கப் படத்தின் பேய்க்கு மாலையாகப் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஒளிப்பதிவுக்குக் கீழே இதை எழுதினேன். என் கருத்தை நீக்கிவிட்டார்கள்.

தொண்டி வத்தைக்காரர் (நாட்டுப் படகில் மீன்பிடிப்பவர்) எழுதியது:

டீச்சர் அவர்களுக்கு. கரையில் பொம்மை ஒதுங்குவது எங்களுக்குப் புதிதில்லை. வாடைக் காலத்தில் வங்கக் கடல் நீரோட்டம் தெற்கே இறங்கிப் பாக் நீரிணைக்குள் புகுகிறது. மேலே எந்த ஊர் ஆற்றில் எதைப் போட்டாலும் அதில் மிதப்பது இங்கே வந்து சேரும். செருப்பு, குப்பி, அறுந்த வலை, அவற்றோடு பொம்மை. கடல் எவ்வளவு தூரம் சுமந்து வரும் என்பதற்குச் சமீபத்திய சான்று ஒன்றும் உண்டு. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியதே, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை தனுஷ்கோடிக் கரைவரை வந்தது.

வலையில் ஏறிய ஒரு பொம்மையை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தலைமயிர் போய், மயிர் தைத்த துளைகள் மட்டும் வரிசை வரிசையாக இருந்தன. வத்தையின் அடியில் ஒட்டுமே, அந்தச் சுண்ணாம்பு ஓட்டுப் பூச்சி, அது கன்னம் முழுக்கப் பிடித்திருந்தது. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்திருந்தது. கூட வந்த பையன் அலறிவிட்டான். தலையைப் பிரித்துப் பார்த்தால், கண்ணுக்குப் பின்னால் சின்ன எடைத் துண்டு ஒன்று இருக்கிறது. படுக்க வைத்தால் எடை சரிந்து இமை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். ஒரு பக்கத்தில் மணல் அடைத்துக்கொண்டதால் அந்தக் கண் மட்டும் நின்றுவிட்டது. குலுக்கியதும் மணல் உதிர்ந்து அதுவும் "விழித்தது". இரவில் அலமாரியில் இருக்கும் இப்படிப்பட்ட பொம்மை சற்றுச் சாய்ந்தால் போதும், கதை ஒன்று பிறந்துவிடும்.

அமெரிக்காவிலும் இதே சங்கதிதான். டெக்சாஸ் கடற்கரையைக் கண்காணிக்கும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூச்சி பிடித்த பொம்மைகள் ஒதுங்குவதைப் படமெடுத்துப் போட்டது 2022இல் பெரிய செய்தியானது. மெக்சிகோ வளைகுடாவின் சுழல் நீரோட்டமே காரணம் என்று விளக்கியதோடு, சில பொம்மைகளை ஏலம் விட்டு ஆமைகளைப் பராமரிக்கப் பணமும் சேர்த்தார்கள். பேய்ப் பொம்மையால் ஆமை பிழைத்தது என்றால் எனக்குச் சம்மதம்தான்.

கீழக்கரை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எடைத் துண்டு விஷயத்தைப் பிள்ளைகள் முன்னாலேயே பிரித்துக் காட்டப் போகிறேன். பாம்பன் சகோதரரின் மடலை, அவர் அனுமதித்தால், வகுப்பில் வாசிக்கவும் விரும்புகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். 'சக்கி' பொம்மைப் படமும் உண்மைச் சம்பவம் என்று ஒரு மாணவன் சாதிக்கிறான். "அனபெல்" என்ற பெயராவது எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று இன்னொருத்தி கேட்கிறாள்.

பாம்பன்காரர் எழுதியது:

தாராளமாக வாசியுங்கள், டீச்சர். முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கேயே அழைத்து வாருங்கள். புயலைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

மண்டபம் வாசகர் எழுதியது:

சக்கி வரும் 'சைல்ட்ஸ் ப்ளே' 1988இல் வெளியானது. அதற்கு மூலம் என்று இணையத்தில் காட்டப்படுவது, ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் நகரில் ஈஸ்ட் மார்டெல்லோ கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள ராபர்ட் என்ற பொம்மை. ராபர்ட் யூஜின் ஓட்டோ என்ற ஓவியருக்குச் சிறுவயதில், 1904 வாக்கில் கிடைத்த, ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனம் செய்த பொம்மை அது; மாலுமிச் சட்டை போட்டிருக்கும். அனுமதி கேட்காமல் படமெடுத்ததால் துன்பம் வந்தது என்று நம்பி, பார்வையாளர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதுவதும், அந்தக் கடிதங்களைப் பக்கத்திலேயே ஒட்டி வைப்பதும் நடக்கின்றன. ஆனால் சக்கியைப் படைத்த டான் மான்சினி, தன் கதைக்குத் தூண்டுதலாகச் சொல்வது, 1980களில் பிள்ளைகளைக் குறிவைத்துப் பொம்மை விற்ற விளம்பரங்களையும், கேபேஜ் பேட்ச் பொம்மைகளுக்காகக் கடைகளில் நடந்த அடிதடியையும்தான்.

பெயர் பற்றிய கேள்வி கூர்மையானது. கேட்ட பெண்ணைப் பாராட்டுங்கள். 1963 நவம்பர் 1 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி ட்விலைட் ஜோன்' தொடரின் 'லிவிங் டால்' என்ற பகுதி ஒளிபரப்பானது. ஒரு தாய் தன் மகளுக்குப் பேசும் பொம்மை வாங்கி வருகிறார். அது வளர்ப்புத் தந்தையை மிரட்டத் தொடங்குகிறது. அந்தத் தாய்ப் பாத்திரத்தின் பெயர் அனபெல். வாரன் கதையிலும் பொம்மையை வாங்கிக் கொடுப்பவர் தாய்தான், அது நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1970. இதை வைத்து அவர்கள் அங்கிருந்துதான் எடுத்தார்கள் என்று சாதிக்க முடியாது; அனபெல் அமெரிக்காவில் அரிய பெயரும் அல்ல. ஆனால் சம்பவத்திலிருந்துதான் சினிமா பிறந்தது என்று அடித்துச் சொல்பவர்கள், திரையிலிருந்து சம்பவம் பிறந்திருக்கும் வாய்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தப் பகுதி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ரத்தம் எதுவும் இல்லை. கிடைத்தால் வகுப்பில் போட்டுக் காட்டிவிட்டு, இரண்டு கதைகளையும் பிள்ளைகளையே ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.